பட்டினி கிடக்க வேண்டிய செல்கள்

யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு, ஒரு ஆயுத பூஜை நாளில், கண்ணுக்குத் தெரியாத சில ஆயிரம் செல்கள் பட்டினி கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அவற்றுக்குச் சாப்பாடு போட்டவன் நான். அவை பட்டினி கிடக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எனக்கு அது இரண்டு முறை வாயால் சொல்லப்பட்டிருந்தது. ஒரு முறை தாளில் எழுதியும் தரப்பட்டிருந்தது. போதாததற்கு, அதே விஷயத்தை நானே ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். நன்றாகவே விளக்கினேன் என்றுதான் நினைவு.

பெங்களூரில் ஓர் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி அறைக்கு நான் பொறுப்பு. பொறுப்பு என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். லென்ஸ் துடைப்பது, முன்பதிவு நேரத்துக்குச் சண்டை போடுகிற ஆராய்ச்சி மாணவர்களை விலக்கிவிடுவது, ஏ.சி. ரிப்பேர் செய்ய வருகிறவரிடம் கன்னடத்தில் கெஞ்சுவது. மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். படித்தவர்கள் சிரித்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் நேரில் பார்த்ததில்லை.

எங்கள் தளத்தில் தசை செல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயது இருக்கும். காலை எட்டு மணிக்கு வந்து, செல்கள் அனுமதி கொடுத்தால் மட்டும் வீட்டுக்குப் போகிறவள். ஒரு நாள் அவளைத் தேடி ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். கோலார் தங்கவயல்காரர்கள். அவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். குடித்தனம் ஹெப்பகோடியில், என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. எங்கள் அப்பாவும் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பேச்சு காதில் விழுந்ததுமே நான் என் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

விஷயம் இது. அவர்களுடைய பெண் குழந்தைக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே உடம்பில் தெம்பு கிடையாது. கழுத்து நிற்க ஒன்றரை வருடம் ஆனது. இப்போது நடக்கிறாள், ஆனால் படி ஏற முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மரபணுப் பரிசோதனை செய்து பார்த்ததில் நெபுலின் என்ற தசைப் புரதத்துக்கான மரபணுவில் இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. அப்பாவிடமிருந்து வந்த மாற்றம் கெட்டது என்று உலகம் முழுக்கத் தெரியும். அம்மாவிடமிருந்து வந்த மாற்றத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அறிக்கையில் அதற்கு நேராக "பொருள் தெரியவில்லை" என்று போட்டிருந்தது. இரண்டும் கெட்டதாக இருந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் என்றால் வராது. அப்படியானால் நோய்க்கு வேறு எதையோ தேட வேண்டும்.

இதற்கு நடுவில் அந்தக் குழந்தையின் அம்மா மறுபடி இரண்டு மாதக் கர்ப்பம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் இது வருமா என்று கர்ப்பப்பையிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் எதைத் தேடுவது என்று உறுதியாகத் தெரியாமல் அந்தச் சோதனையைச் செய்ய மருத்துவமனை டாக்டருக்கு விருப்பமில்லை. எனவே மூத்தவளின் தொடையிலிருந்து சிறு துண்டு தசை எடுத்து எங்கள் கூடத்துக்கு அனுப்பினார். அதிலிருந்து செல்களை வளர்த்து, அவை தசையாக மாறும்போது புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்படுகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இது மட்டுமே முடிவாகாது, ஆனால் இது இருந்தால் முடிவெடுக்கலாம் என்றார் டாக்டர். நாலாவது மாதம் முடிவதற்குள் வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் ஆராய்ச்சிப் பெண் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தமிழில் வினைச்சொல் மட்டும் தமிழாக இருக்கும். "இந்த செல்ஸ் ஃபியூஸ் ஆகி, அலைன் ஆகி, அசெம்பிள் ஆகும்" என்றாள். கணவன் தலையாட்டினார். மனைவி ஆட்டவில்லை. என்னால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா, நான் சொல்றேன். நான் தமிழ்ல எழுதறவன்," என்று ஆரம்பித்தேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தசை செல் தொடக்கத்தில் தசையாகவே இருப்பதில்லை என்றேன். தனித்தனியாக, கிடைத்ததைத் தின்று, ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருகிக்கொண்டிருக்கும். நல்ல சாப்பாடு கிடைக்கும்வரை அது வேறு எதையும் யோசிக்காது. சாப்பாட்டைக் குறைத்தால் பெருகுவதை நிறுத்தும். பக்கத்து செல்லைத் தேடிப் போகும். வரிசையாக நின்று, ஒன்றோடு ஒன்று கலந்து, நீளமான ஒரே குழாயாக ஆகும். அந்தக் குழாய்க்குள்தான் கட்டுமானம். "ஓசூர் ரோட்டுல மெட்ரோ கட்டுனாங்களே, பார்த்தீங்கதானே. எடுத்ததும் தண்டவாளமா போட்டாங்க? மொதல்ல சாரம். கம்பி. அப்புறம் தூண். தூணுக்குத் தூண் ஒரே அளவுல பாலம். எல்லாம் நின்ன பிறகு சாரத்தைப் பிரிச்சு எடுத்துட்டாங்க. செல்லுக்குள்ளயும் அப்படித்தான். ஓரத்துல புள்ளிப் புள்ளியா வரும். அதுல மெல்லிசா இழை. நடுவுல தடிச்ச இழை வந்து பொருந்தும். தற்காலிகமா நின்ன புரதம் ஒதுங்கிடும். புள்ளியெல்லாம் சேர்ந்து கோடாயிடும். மைக்ராஸ்கோப்புல பார்த்தா வரிவரியா இருக்கும். மெல்லிசு இழை எவ்வளவு நீளம் இருக்கணும்னு அளந்து வைக்கிற ஸ்கேல்தான் இந்த நெபுலின்."

"மெட்ரோவுக்கு எத்தினி வருஷம் ஆச்சு," என்றார் கணவன்.

"இது பத்து நாள்ல முடிஞ்சிடும்."

அந்தப் பெண் அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எம் பொண்ணு கால்ல அந்தக் கோடு இல்லியாண்ணா?"

"இருக்கும்மா. கோணலா இருக்கலாம். ஸ்கேல் சரியில்லன்னா இழை குட்டையாப் போயிடும். அதத்தான் பார்க்கப் போறோம்."

"வவுத்துல இருக்கிறதுக்கும் ஸ்கேல் கோணலான்னு இத வெச்சு சொல்லிடுவீங்களா?"

"ஆயுத பூஜை முடிஞ்சு வாங்க. பதில் இருக்கும்," என்றேன். எங்கள் ஆராய்ச்சிப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தன் வாழ்நாளில் யாருக்கும் தேதி சொன்னவள் அல்ல.

வந்த தசைத் துண்டிலிருந்து இரண்டு குப்பி செல்கள்தான் தேறின. நோயாளியின் செல்கள் சில தலைமுறை பெருகிய பிறகு களைத்துவிடும், அதனால் வீணாக்க முடியாது. ஒரு குப்பியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டு, இன்னொன்றைத் தட்டுகளில் வளர்த்தாள். மூன்று வாரம் போனது. தட்டு நிரம்பியதும் சத்துத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பட்டினித் திரவத்தை ஊற்றினாள். அன்று ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. அவள் அண்ணனுக்குப் பூஜை விடுமுறையில் நிச்சயதார்த்தம். மூன்று முறை பஸ் டிக்கெட்டை ரத்து செய்தாள். கடைசியில் நான்தான், "போயிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். சிவப்பு மூடி போட்ட பாட்டில் பட்டினித் திரவம். நீல மூடி போட்டது சத்துத் திரவம். இரண்டுமே ரோஸ் நிறம். பூஜையன்று ஒரு முறை, அதற்கு மூன்றாம் நாள் ஒரு முறை, பழையதில் பாதியை எடுத்துவிட்டுச் சிவப்பு மூடியிலிருந்து ஊற்ற வேண்டும். தாளில் எழுதி ஒட்டினாள்.

"சார், கொஞ்சம் செத்து மிதக்கும். பயப்படாதீங்க. அது அப்படித்தான்."

"இருபது வருஷமா மைக்ராஸ்கோப் பார்க்கறேன்மா."

"மைக்ராஸ்கோப்பைத்தான சார் பார்த்துருக்கீங்க," என்றாள். அப்போது நான் சிரித்தேன்.

ஆயுத பூஜை பெங்களூரில் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹெப்பகோடியிலிருந்து வருகிற வழியெல்லாம் லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, பொம்மசந்திராவில் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் பூசணிக்காய் உடைத்து, அதில் ஸ்கூட்டர்கள் வழுக்கி, ஒரே கோலாகலம். எங்கள் கூடத்திலும் உண்டு. விஞ்ஞானிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். காவலாளிகளும் துப்புரவுப் பெண்களும் மின்சாரப் பிரிவு ஆட்களும் பூஜை போடுவார்கள். நுண்ணோக்கி, மையவிலக்கி, ஜெனரேட்டர், லிப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பிடி பொரியும் ஒரு வாழைப்பழமும் வைப்பார்கள். என் நுண்ணோக்கிக்கும் வைத்தார்கள். அதன் உறை மேல்தான், கண்ணாடியில் படாமல் நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்ரான்னம், கோசம்பரி, சுண்டல், கேசரிபாத். கேசரிபாத் நான் இரண்டு முறை வாங்கினேன்.

அந்த வயிற்றோடுதான் செல் அறைக்குள் போனேன்.

தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது வேறு. மூன்று நாள் முன்பு நிறைந்து கிடந்த இடத்தில் இப்போது அங்கங்கே வெற்றிடம். மிச்சமிருந்தவை ஒட்டி உலர்ந்து, ஒல்லியாக, நீளமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மேலே செத்தவை உருண்டையாக மினுங்கிக்கொண்டு மிதந்தன. கொஞ்சம் என்று அவள் சொன்னாள். எனக்கு அது கொஞ்சமாகத் தெரியவில்லை. அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்தது வேறு யாரோ. பின்னணியில் நாதஸ்வரம். "தட்டு மாத்தறாங்க, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் பூஜை முடிந்து வாருங்கள் என்று தேதி கொடுத்தவன் நான். செல்கள் மொத்தமாகச் செத்துப்போனால் யார் பதில் சொல்வது? அடுத்து, படித்தவனுக்கு வருகிற யோசனை வந்தது. பட்டினித் திரவத்தில் ஏதோ அளவு தப்பாகிவிட்டது, அவள் அவசரத்தில் கலந்திருப்பாள் என்று முடிவு செய்தேன். ஒரு வேளை நல்ல சாப்பாடு கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும், நாளைக்கு மறுபடி பட்டினி போட்டுக்கொள்ளலாம். வெளியே ஜெனரேட்டருக்குக்கூடப் பொரி வைத்திருந்தார்கள். லிப்டுக்கு வாழைப்பழம் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் சாப்பிடாமல் இருந்தவை இந்தத் தட்டுகள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது. இது சத்தியம். இந்த வார்த்தைகளிலேயே தோன்றியது.

நீல மூடியைத் திறந்தேன். பாதி அல்ல, பழையதை முழுக்க எடுத்துவிட்டு, ஆறு தட்டிலும் தளும்பத் தளும்ப ஊற்றினேன். "சாப்பிடுங்க" என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அறையில் வேறு யாரும் இல்லாததால் இதற்குச் சாட்சி இல்லை.

மறுநாள் பார்த்தபோது மிதப்பது குறைந்திருந்தது. வெற்றிடங்கள் நிரம்பத் தொடங்கியிருந்தன. திரும்பப் பட்டினி போட மனம் வரவில்லை. மூன்றாம் நாள் தட்டு முழுக்கப் பச்சைப் பசேலென்ற வயல் போல, பச்சை மட்டும் இல்லை, மற்றபடி வயல்தான். போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "செழிப்பா இருக்கு" என்று கீழே எழுதினேன். பதிலாக ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது. அன்று மாலையே அவள் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை, ஊர்ப் பையைத் தோளிலிருந்து இறக்காமல், தட்டைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக ஆறையும் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், சிவப்பு மூடி பாட்டில் அப்படியே இருக்கே."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேசரிபாத் தவிர.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இது தசையே இல்ல சார். தசைத் துண்டு எடுக்கும்போது கூடவே வேற செல்லும் ஒட்டிக்கிட்டு வரும். இடத்தை நிரப்புற செல்லு. பட்டினி போட்டா அது அடங்கிக் கிடக்கும். நீங்க சாப்பாடு போட்டதும் அது எந்திருச்சுட்டு. வீட்டையே புடிச்சுட்டு. நீங்க ஒல்லியா, சாய்ஞ்சு கிடந்துதுன்னு சொன்னீங்களே, அதான் சார் தசை. அதான் வரிசையில நின்னுட்டு இருந்துது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா உள்ள கோடு வந்திருக்கும்."

நான் பார்த்துப் பரிதாபப்பட்ட அந்த ஒல்லி உருவங்கள்தான் அந்தக் குழந்தையின் தசை. அவை செத்துக்கொண்டிருக்கவில்லை, ஒன்றை ஒன்று தேடிக்கொண்டிருந்தன. இதைத்தானே மெட்ரோ, சாரம் என்று கையை ஆட்டி விளக்கினேன். விளக்கத் தெரிந்த எனக்கு, எதிரில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

உறைய வைத்த கடைசிக் குப்பியை எடுத்தாள். அது எழுந்து, பெருகி, பட்டினி கிடந்து, தசையாக ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். அப்போது அந்தப் பெண்ணுக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருக்கும். அதற்குப் பிறகு நீர் எடுத்துச் சோதித்து முடிவு வருவதற்குள், கர்ப்பத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற காலம் கடந்துவிடும். இந்தக் கணக்கை இருவருமே மனதுக்குள் போட்டோம்.

"அவங்களுக்கு நான் சொல்லணும்," என்றாள்.

"நான் சொல்றேன்மா. என் தப்பு. நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

"சரி சார். நீங்களே சொல்லிருங்க. ஆனா சொல்லிருங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "கல்யாணமாகி இருபத்தி மூணு வருஷத்துல நான் சாப்டேனான்னு ஒரு தடவ கேட்டதில்ல. செல்லுக்குப் போட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள். அதைத் தாண்டி, "அந்தப் பொண்ணுகிட்ட நாளைக்கே போய்ச் சொல்லுங்க" என்றும் சொன்னாள்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் அந்தப் பெண்ணே கூடத்துக்கு வந்தார். நான்தானே தேதி கொடுத்திருந்தேன்.

"பூஜை முடிஞ்சிடுச்சுண்ணா. வந்துட்டேன்."

"கொஞ்சம் தாமதம்மா. செல்லு இந்தத் தடவ சரியா வரல. மறுபடி போட்டிருக்கோம்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அன்று இரவு எனக்கு நானே எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன் வரல?"

"அது... உயிருள்ள பொருள் பாருங்க."

அவர் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இதுவும் உயிருள்ளதுதாண்ணா. இது காத்துக்கினு இருக்காதே," என்றார். குறை சொல்கிற குரலில் இல்லை, தகவல் சொல்கிற குரலில்.

பத்து நாள் கழித்து ஹெப்பகோடி சந்தில் காய்கறி வண்டிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் குனிந்து முருங்கைக்காய் பொறுக்கினேன். எங்கள் வீட்டில் முருங்கைக்காய் யாரும் சாப்பிடுவதில்லை. ஒரு கிலோ வாங்கினேன். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அடுத்த வாரம் அவருடைய கணவரை மருந்துக்கடையில் பார்த்து, எதிர்த்தாற்போலிருந்த சலூனுக்குள் நுழைந்து, தேவையில்லாமல் முடி வெட்டிக்கொண்டேன். முன்னூறு பக்கத்தில் குற்ற உணர்ச்சியை அலசுகிற நாவல்களை ரசித்துப் படித்தவன் நான். அந்த நாயகர்கள் எல்லாம் குதிரையில் போவார்கள், கடிதம் எழுதுவார்கள், நோயில் விழுவார்கள். ஒருவரும் மருந்துக்கடையைப் பார்த்து முடி வெட்டிக்கொண்டதில்லை.

ஆராய்ச்சிப் பெண் ஒரு முறை கேட்டாள். "சொல்லிட்டீங்களா சார்?"

"சமயம் பார்க்கறேன்மா."

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டது பெரிய மனது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்து, இரண்டாவது தட்டுகள் தயாராயின. அந்தக் காலம் முழுவதும் நான் செல் அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் படம் எடுப்பது என் வேலை. புரதங்களுக்குச் சாயம் ஏற்றி, இருட்டறையில், நானும் அவளும் உட்கார்ந்தோம். முதலில் நோயில்லாத வேறொருவரின் செல். பச்சை நிறத்தில் கோடு கோடாக, ஒரே இடைவெளியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன், அன்றுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று பட்டது. ஆயிரக்கணக்கான இழைகள், மேஸ்திரி இல்லாமல், ஒன்றுபோல நீளம் பார்த்து நிற்கின்றன.

பிறகு அந்தக் குழந்தையின் செல்லை வைத்தாள். நான் குவியத்தைச் சரிசெய்தேன். மறுபடி சரிசெய்தேன். குவியம் சரியாகத்தான் இருந்தது. ஓரத்தில் புள்ளிகள் வந்திருந்தன. சில இடங்களில் அவை சேர்ந்து கோடாகவும் முயன்றிருந்தன. ஆனால் இழைகள் குட்டை குட்டையாக, ஒன்று முன்னே ஒன்று பின்னே, பாதியில் காண்ட்ராக்டர் ஓடிப்போன வேலைபோலக் கிடந்தன. அளந்து சொல்ல ஸ்கேல் இல்லை.

"கிடைச்சிருச்சு," என்றாள் அவள். அடுத்த நொடியே வாயை மூடிக்கொண்டாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நல்ல முடிவு. தெளிவான முடிவு. அதைத் தமிழில் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியவன் நான், ஏனென்றால் அந்த வேலையை நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

மறுநாள் அந்த அம்மா கூடத்துக்கு வந்தார். மருத்துவமனை டாக்டரும் எங்களிடம் போனில் பேசினார். பிறகு நான் அவரிடம் சொன்னேன். அம்மாவிடமிருந்து வந்த மாற்றமும் கெட்டதுதான். இரண்டும் சேர்ந்ததால்தான் மூத்தவளுக்கு வந்தது. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

"நாலு புள்ள பெத்தா ஒண்ணுக்கு வருமா? ஒண்ணுக்குத்தான் வந்துடுச்சே."

"அப்படி இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் மொதல்லருந்து நாலுல ஒண்ணு."

"அப்போ இதுக்கும் நாலுல ஒண்ணு." அவர் குனிந்து வயிற்றைப் பார்த்தார். "தண்ணி எடுத்துப் பாக்கலாமுன்னு சொன்னீங்களே?"

இப்போது எடுத்தால் பயனில்லை, பிறந்த பிறகு ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"நாலு மாசம் நான் இத தெரியாமயே சொமக்கணும்."

இதுதான் சமயம். இதைவிட நல்ல சமயம் யாருக்கும் அமையாது. ஆராய்ச்சிப் பெண் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் என்னைத்தான் பார்த்தார், கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார். நான், "டீ சொல்லட்டுமா?" என்றேன்.

அந்த நாலு மாதத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவர்தான் சுமந்தார், என்னுடையதைச் சொல்வது வெட்கக்கேடு. ஒன்று மட்டும். தினமும் காலையில் பஸ் ஸ்டாப்புக்கு, நாலு தெரு சுற்றி, அவர்கள் வீட்டைத் தவிர்த்துப் போனேன். ஒரு நாள் மழையில் அவசரமாக நேர் வழியில் போனபோது, அவர் வாசல் படியில் பெரியவளை ஒரு படி ஏறப் பழக்கிக்கொண்டிருந்தார். வயிறு நன்றாகத் தெரிந்தது. பெரியவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிவிட்டு, இன்னொரு காலுக்காகக் காத்திருந்தாள். அவர் கை கொடுக்கவில்லை. நீட்டியபடி வைத்திருந்தார், அவ்வளவுதான். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

சித்திரையில் குழந்தை பிறந்தது. ஆண். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அப்பாவின் மாற்றம் மட்டும்தான் வந்திருந்தது, அம்மாவினுடையது வரவில்லை. நோய் வராது. இதில் எங்கள் கூடத்துக்கோ எனக்கோ எந்தப் பெருமையும் இல்லை. நாலில் மூன்று பக்கம் விழுந்தது, அவ்வளவே. மறு பக்கம் விழுந்திருந்தால், அவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்கிற உரிமையைத்தான் நான் ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டேன்.

ஆராய்ச்சிப் பெண்ணுக்குக் குழந்தையைக் காட்ட அவர் கூடத்துக்கு வந்தார். காட்டிவிட்டுத் திரும்பும்போது தாழ்வாரத்தில் நிறுத்தினேன். குழந்தை அவர் தோளில் தலையைச் சாய்த்துக் கிடந்தது, நடுவில் ஒரு முறை தலையைத் தானாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டது. மூத்தவளின் கழுத்துக்கு ஒன்றரை வருடம் காத்திருந்தவர் அவர். அந்தத் தலை எழும்பியதை இருவருமே பார்த்தோம். இனியும் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றி, சொன்னேன். பூஜை நாள், போன், நீல மூடி, செழிப்பான தட்டு, காய்கறி வண்டி, சலூன் வரை. இந்த முறை கேசரிபாத்தையும் விடவில்லை. நீளமாகத்தான் சொன்னேன். முடித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும், மன்னித்துவிடுவார் என்றும்கூட எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியும்ணா," என்றார். "தீபாவளிக்கு மின்னாடியே அந்தப் பொண்ணு போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. நீங்களே வந்து சொல்லுவீங்க, அது வரிக்கும் காட்டிக்காதீங்கன்னாங்க. எங்க வூட்டுக்காரருகூட, பாவம், இன்னைக்கு சொல்லிடுவாரு, நாளைக்கு சொல்லிடுவாருன்னு உங்களுக்காகப் பேசிக்கினே இருந்தாரு. நான்தான், அந்தாளு பேப்பர்ல எழுதுனாலும் எழுதுவாரே தவிர வாயத் தொறந்து சொல்ல மாட்டாருன்னேன்."